பொறுத்துப் போவது மட்டுமா நற்செய்தி?

வன்னியின் வட்டக்கச்சி போன்ற குடியேற்றக் கிராமங்களில் காணியும் போரும் சமயமாற்றமும் பிரித்துவைத்த குடும்பங்களிடம் கிறிஸ்தவ நம்பிக்கை எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை?

குடும்பத்துக்குள் எழும் பிணக்கைக் கிறிஸ்தவர் ஒருவர் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு, ஈழத்துத் தமிழ்த் திருச்சபைகளில் முதலில் கிடைக்கும் விடை ‘பொறுத்துப் போ’ என்பதே. பொறுமையைத் தூய ஆவியின் கனிகளுள் ஒன்றாகப் பவுல் எண்ணியிருப்பதால் அந்த விடையைத் தவறென்று எவரும் தள்ளிவிட முடியாது. ஆயினும் காணிப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது, காணாமற்போனவரின் மனைவி இனி எங்கே இருப்பாள், தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது யார் என்ற கேள்விகள் ஒரு வீட்டைப் பிளந்து நிற்கும்போது, அந்த அறிவுரை பெரும்பாலும் மருமகளுக்கும் இளைய மகளுக்கும் கைம்பெண்ணுக்குமே, அதாவது ஏற்கெனவே அதிகம் பொறுத்துக்கொண்டவர்களுக்கே, சொல்லப்படுகிறது என்பதும் மறுக்க முடியாத உண்மை. பொறுமையோடு நீதியையும் உண்மையையும் சேர்த்தே விவிலியம் பேசுகிறது. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும்போது நற்செய்தியின் பாதிதான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

மண்ணும் மக்களும்

கிளிநொச்சி நகருக்குக் கிழக்கே இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் நீரால் வயல் விளையும் வட்டக்கச்சி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் காணி நெருக்கடியைத் தணிக்கவும் நெல் உற்பத்தியைப் பெருக்கவும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு முன்னெடுத்த குடியேற்றத் திட்டங்களின் வழியே உருவான கிராமங்களுள் ஒன்றாகும். பரம்பரை ஊர்களில் பல நூற்றாண்டுகளாகப் படிந்துபோன உரிமைகளும் எல்லைகளும் இங்கே இல்லை. காடு வெட்டிக் குடியேறிய முதல் தலைமுறையின் பெயரில் அரசு கொடுத்த பத்திரமே இன்றைய பேரப்பிள்ளைகளின் வாழ்வுக்கும் வழக்குக்கும் அடிப்படையாக இருக்கிறது.

இந்த மண்ணைப் போர் ஒருமுறை முற்றாக வெறுமையாக்கியது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகர் இராணுவத்திடம் வீழ்வதற்கு முன்பின்னாகச் சனம் கிழக்கு நோக்கித் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நகர்ந்து இறுதியில் முள்ளிவாய்க்காலில் ஒடுங்கியது. அவ்வாண்டு மே மாதம் போர் முடிந்தபின் உயிர் தப்பியவர்கள் வவுனியா மாவட்டத்தின் மெனிக்பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம்கள் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டன. ஊர் திரும்பியவர்களுள் பெரும்பான்மையினர் சைவர்கள். அவர்களோடு யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கரும், தென்னிந்தியத் திருச்சபை முதலிய சீர்திருத்தத் திருச்சபைகளின் மக்களும், அண்மைக்காலத்தில் ஆங்காங்கே தோன்றிய, ஊரவர் பொதுவாகச் ‘சபை’ என்று அழைக்கும் சுயாதீன ஆராதனைக் குழுக்களைச் சேர்ந்தோரும் வாழ்கின்றனர்.

வன்னி மக்களின் உளநிலையை ஆராய்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரின் உள்ளத்தோடு நின்றுவிடாமல் குடும்பத்தையும் சமூகத்தையும் ஒருசேரத் தாக்கும் கூட்டு மனவடுவாக அமைகிறது என்று 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் விளக்கினார். ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் வழமையான சடங்குகளும் குடும்பத்துள் யார் எதைப் பொறுப்பேற்பது என்ற ஒழுங்கும் சேர்ந்தே சிதைகின்றன என்பதுதான் கூட்டு மனவடு என்ற அந்தக் கருத்தின் சாரம். ஆகவே உடன்பிறந்தோர் பேச்சுவார்த்தையின்றி, நன்மை தீமைக்கும் போகாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பதற்குக் காரணம் அவரவர் குணக்கேடு மட்டுமே என்று முடிவுகட்டுவது, இவ்வூரின் வரலாற்றை மறந்துவிட்டுத் தீர்ப்பெழுதுவதாகும்.

ஒரு பத்திரம், பல பிள்ளைகள்

குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. முதலில் அனுமதிப்பத்திரமும், ஊர்வழக்கில் இதுவே ‘பேர்மிற்’, நிபந்தனைகள் நிறைவேறியபின் அளிப்புப் பத்திரமும் கொடுக்கும் இச்சட்டம், வயல் சிறுசிறு துண்டுகளாகிப் பயனற்றுப் போவதைத் தடுக்கும் நோக்கில், குறித்த அளவுக்குக் கீழே காணியைப் பிரிக்க அனுமதிப்பதில்லை. காணிக்குரியவர் தமக்குப்பின் உரிமை பெறுபவரைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறித்துப் பதிவுசெய்ய வேண்டும். அவ்வாறு பதியாமல் அவரும் துணைவரும் இறந்தால், சட்டத்தின் ஓர் அட்டவணை சொல்லும் வரிசைப்படி உரித்து ஒருவருக்கே செல்லும். மகள்மாருக்கு முன்னே மகன்மாரை வைத்த அந்த வரிசை, 2022ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னரே ஆண் பெண் வேறுபாடு நீங்கப்பெற்றது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் உறுதிக் காணியைப் பிள்ளைகளுக்குப் பங்கிடவும் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுக்கவும் பழகியது. அதே மனப்பழக்கத்தோடு குடியேற்றத்துக்கு வந்த பெற்றோர், பங்கிட முடியாத காணியை வாய்ச்சொல்லால் நான்கு பிள்ளைகளுக்கும் பங்கிட்டுவிட்டுக் கண்மூடுகின்றனர். பிரதேச செயலகத்தின் கோப்பிலோ ஒரே பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய மூத்தவர் கனடாவில் இருக்கலாம்; இடப்பெயர்வு முழுவதும் தாயைத் தாங்கித் திரிந்து, 2010க்குப் பின் பற்றைக்காடான வளவைத் துப்புரவாக்கி, வீட்டுத்திட்ட உதவியில் வீடு கட்டி வாழ்பவர் கடைசி மகளாக இருக்கலாம். இருவரும் தமக்கு நியாயம் இருப்பதாகவே நம்புகின்றனர். இருவரிடமும் நியாயத்தின் ஒரு பகுதி இருக்கவும் செய்கிறது.

காணிக்காகச் சகோதரரோடு முரண்படுவது கிறிஸ்தவருக்கு அழகன்று என்று இந்நிலையில் சொல்லப்படுவதுண்டு. ஆனால் விவிலியத்தின் எண்ணிக்கை நூல், சீர்திருத்தத் திருச்சபைகளின் வழக்கில் எண்ணாகமம், 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்து என்பவரின் ஐந்து பெண்மக்களைக் காட்டுகிறது. ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த தகப்பனின் காணி தங்களுக்கு வரவேண்டும் என்று அவர்கள் மோசேக்கும் மக்கள் தலைவர்களுக்கும் முன்னே வந்து நின்று கேட்டனர். மோசே அதைக் கடவுளிடம் கொண்டுசென்றார். கடவுள் அவர்களுடைய கோரிக்கை சரியானது என்று ஏற்றுச் சட்டத்தையே மாற்றினார். பேராசைக்காரர் என்ற பழி அவர்கள்மீது எங்கும் சுமத்தப்படவில்லை. பங்கு கேட்பது பாவமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எனினும் லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சொத்தைத் தன்னோடு பிரித்துக்கொள்ளத் தன் சகோதரனுக்குச் சொல்லுமாறு கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டபோது, இயேசு நடுவராக இருக்க மறுத்து, களஞ்சியத்தைப் பெரிதாக்கத் திட்டமிட்ட அன்றிரவே உயிர் பறிக்கப்பட்ட செல்வனின் உவமையைச் சொன்னார். அவனுக்கு உரிமை இல்லை என்று அவர் சொல்லவில்லை; உரிமை கிடைத்துவிட்டால் உறவு தானாகச் சீராகிவிடும் என்ற நம்பிக்கைக்குத்தான் அவர் இடங்கொடுக்கவில்லை. இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படிக்கும் குடும்பம் காணியின் நியாயத்தைச் சட்டத்தின் வழியில் தேடிக்கொண்டே, வழக்கில் வெல்வதோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் நினைவில் வைத்திருக்கும்.

காணாமற்போனவரின் வீடு

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது பலரும் அறிந்த செய்தி. அந்தப் போராட்டத்தின் மறுபக்கம் வீட்டுக்குள் நடக்கிறது. மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பும் தாய்க்கு மருமகள் பொட்டு வைப்பதும் வைக்காமல் விடுவதும் ஒரே அளவில் துன்பம் தருகின்றன. பிள்ளைகளைப் படிப்பிக்க உழைக்க வேண்டிய மருமகளுக்கோ மாமியின் காத்திருப்பு சிலவேளை தன்மீது வைக்கப்பட்ட காவலாகவே படுகிறது. உடல் இல்லை, ஈமக்கிரியை இல்லை, முடிவும் இல்லை என்ற இந்நிலையை உளவியலாளர் போலின் பாஸ் தெளிவற்ற இழப்பு என்று வகுத்தார். இறந்ததும் உறுதியாகாமல் இருப்பதும் உறுதியாகாமல் போகும்போது, துயரமே முடங்கிக் குடும்பத்தினரை ஒருவருக்கெதிராக ஒருவர் திருப்பிவிடுகிறது என்பது அவரது விளக்கம்.

இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்காக, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழை வழங்க 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழிசெய்தது. அதைப் பெறுவது தேடலைக் கைவிடுவதாகும் என்று ஒரு தாய் அஞ்சுவதும், அதைப் பெறாமல் வங்கிக் கணக்கையோ காணி அலுவலையோ நகர்த்த முடியாது என்று ஒரு மனைவி சொல்வதும் ஒரே இழப்பின் இரு முகங்கள்.

இத்தகைய வீட்டுக்கு ரூத்து நூல் மிக நெருக்கமானது. பஞ்சத்தால் இடம்பெயர்ந்து, அந்நிய மண்ணில் கணவரையும் இரு மகன்மாரையும் இழந்த நகோமி, மருமக்கள் இருவரையும் தன்னோடு வரும்படி கட்டாயப்படுத்தவில்லை. அவரவர் தாய்வீட்டுக்குத் திரும்பி மறுமணம் செய்துகொள்ளுமாறே வற்புறுத்தினார். ஓர்பா அழுதுகொண்டு விடைபெற்றார். அவரைக் குறைசொல்லும் ஒரு சொல்லும் அந்நூலில் இல்லை. ரூத்து தங்கினார், அவருக்கும் பின்னாளில் மறுமண ஏற்பாட்டைச் செய்துவைத்தவர் மாமியாராகிய நகோமியே. திருமண வீடுகளில் ரூத்தின் விசுவாசத்தைப் போற்றும் மறையுரைகள், மருமகளை விடுவித்த நகோமியின் பெருந்தன்மையைச் சொல்ல மறந்துவிடுகின்றன. தங்கியவரையும் பிரிந்தவரையும் பழிக்காத அந்நூலின் மனம் வன்னியின் மாமிமாருக்கும் மருமக்களுக்கும் இன்று மிகவும் தேவைப்படுகிறது.

ஒரே வீட்டில் இரு வழிபாடு

போருக்குப் பின்னான தனிமையிலும் நோயிலும் சபையின் செபத்தில் ஆறுதல் கண்டு கிறிஸ்துவை ஏற்றவர்கள் பலர் சைவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களது நம்பிக்கை உண்மையானது. வீட்டில் அது உண்டாக்கும் வலியும் உண்மையானது. கோயிற் பிரசாதத்தை மகன் வாங்க மறுக்கும்போது தாய்க்குத் தன் கையையே அவன் தட்டிவிட்டதாகத் தோன்றுகிறது. தகப்பன் இறக்கும் நாளில் இந்தச் சிக்கல் உச்சத்தை அடைகிறது. கொள்ளி வைப்பது, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத்திவசம் என்று தொடரும் கிரியைகளில் தலைமகனுக்குரிய இடம் வெறுமையாகும்போது, மதம் மாறியவன் தகப்பனையும் கைவிட்டான் என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிடுகிறது.

மனச்சாட்சிக்கு விரோதமாகக் கிரியை செய்ய வேண்டும் என்று எவரையும் வற்புறுத்தலாகாது. அதேவேளை, விவிலியம் இவ்விடயத்தில் பலரும் எண்ணுவதைவிட நெகிழ்வானது. சிரியாவின் படைத்தலைவன் நாமான் இஸ்ராயேலின் கடவுளை ஏற்றபின், தன் அரசன் தன் கையில் சாய்ந்தபடி ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் உடன் பணிய நேர்வதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டான். இறைவாக்கினர் எலிசா அவனைக் கண்டிக்காமல் சமாதானத்தோடு அனுப்பிவைத்தார். யோசேப்பு தம் தகப்பன் யாக்கோபின் உடலை எகிப்திய மருத்துவர்களைக் கொண்டு அந்நாட்டு முறைப்படி பதப்படுத்தச் செய்தார். கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டதாகச் சொல்லிப் பெற்றோருக்குச் செய்யவேண்டியதை மறுத்தவர்களை, சமயத்தின் பெயரால் கட்டளையை மீறுவோர் என்று இயேசு மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் கடிந்துகொண்டார்.

ஆகவே திருநீறு பூச மனம் ஒப்பாத மகனுக்கும் செத்தவீட்டில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. முதல் ஆளாக வந்து நிற்கலாம், பந்தல் போடுவதிலிருந்து செலவு வரை தோள்கொடுக்கலாம், பாடையைத் தூக்கலாம், தன்னால் செய்ய முடியாத கிரியையைச் செய்யும் தம்பியின் பக்கத்தில் தலைகுனிந்து நிற்கலாம். தாய் உயிரோடிருக்கும்போது அவரோடிருந்து உண்பதும் மருந்து வாங்கிக் கொடுப்பதும் வாயால் சொல்லும் எந்தச் சாட்சியத்தையும்விட உரக்கப் பேசும். மடுமாதாவின் திருத்தலத்துக்குச் சைவரும் நேர்த்தி வைத்துச் செல்லும் மரபுடைய வன்னியில், ஒருவர் மற்றவரின் புனிதத்தை மதிப்பது புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமும் அன்று.

மன்னிப்பு, ஒப்புரவு, ஒன்றாய் வாழ்தல்

மேற்சொன்ன பிணக்குகள் அனைத்திலும் மூன்று வெவ்வேறு காரியங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பழிவாங்கும் உரிமையைக் கடவுளிடம் ஒப்படைத்து, தீங்கு செய்தவரின் நன்மையை விரும்புவது மன்னிப்பு. மற்றவர் மனம் வருந்தாவிட்டாலும் ஒருவர் தனியாகவே இதைச் செய்யலாம் என்பதோடு, இயேசு இதற்கு எண்ணிக்கை வரம்பு வைக்கவும் இல்லை. உடைந்த உறவை மீண்டும் பொருத்துவது ஒப்புரவு. இதற்கு இருவர் வேண்டும், நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்ளும் உண்மையும் வேண்டும். ஒரே கூரையின் கீழோ ஒரே வளவிலோ சேர்ந்திருப்பது மூன்றாவது. அது பாதுகாப்பையும் சூழலையும் பார்த்து விவேகத்தோடு எடுக்கவேண்டிய முடிவு. உரோமையருக்கு எழுதிய மடலின் 12ஆம் அதிகாரத்தில், எல்லோரோடும் சமாதானமாக வாழச் சொல்லும் பவுல், கூடுமானால் என்றும் தங்களால் இயன்ற அளவுக்கு என்றும் இரண்டு வரையறைகளைச் சேர்த்துச் சொல்வது, சமாதானம் ஒருவரின் கையில் மட்டும் இல்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்ததைக் காட்டுகிறது.

தொடக்க நூலின் சகோதரக் கதைகள் இந்த வேறுபாட்டை நுட்பமாகக் காட்டுகின்றன. தலைமகனுக்குரிய ஆசியை ஏமாற்றிப் பெற்ற யாக்கோபு, பல ஆண்டுகளின்பின் ஏசாவைச் சந்தித்தபோது ஏழுமுறை தரையில் வீழ்ந்து வணங்கி, மந்தைகளைக் காணிக்கையாகக் கொடுத்தார். ஏசா ஓடிவந்து கட்டித்தழுவினார், இருவரும் அழுதனர். அதன்பின் ஏசா சேயீருக்கும் யாக்கோபு சுக்கோத்துக்கும் போனார்கள். தழுவலும் உண்மை, தனித்தனி வழியும் உண்மை. பிரிந்து வாழ்ந்ததால் அவர்களது ஒப்புரவு பொய்யாகிவிடவில்லை. யோசேப்போ தம்மை விற்ற சகோதரரைக் கண்டவுடன் தம்மை வெளிப்படுத்தாமல், இளையவன் பென்யமீனைக் கைவிடுவார்களா என்று சோதித்து, யூதா அவனுக்காகத் தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்தபோதுதான் வாய்விட்டழுதார். மனம் மாறியதற்கான அடையாளத்தை எதிர்பார்ப்பது மன்னிக்காத குணமாகாது என்பதை இக்கதை கற்பிக்கிறது.

அடியும் உதையும் நிலவும் வீட்டுக்கு இந்த வேறுபாடு உயிர்காக்கும் வேறுபாடாகும். குடித்துவிட்டுத் தாக்கும் கணவனிடம் மனைவியைத் திருப்பி அனுப்பும் அறிவுரைக்கு நற்செய்தியில் ஆதாரம் இல்லை. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளையைப் பெற முடியும். திருமண உறவைப் பிரிக்கலாகாததென்று போதிக்கும் கத்தோலிக்கத் திருச்சபையிலும், பலவீனமான துணைவரையோ பிள்ளைகளையோ கொடுமையிலிருந்து காக்கப் பிரிந்திருப்பது சிலவேளை ஒழுக்கக் கடமையாகவே ஆகலாம் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய திருத்தூது ஊக்கவுரையில் எடுத்துரைத்தார்.

இயேசுவின் குடும்பமும் சிக்கலற்றதாக இருக்கவில்லை. அவர் மதிமயங்கிவிட்டார் என்ற பேச்சைக் கேட்டு உறவினர் அவரைப் பிடித்துக்கொண்டுபோக வந்தனர். அவருடைய சகோதரர் அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார். வாசலில் வந்து நின்ற குடும்பத்தின் அழைப்புக்காக அவர் தம் பணியை நிறுத்தவில்லை. ஆயினும் சிலுவையில் தொங்கும்போது தம் தாயைச் சீடரிடம் ஒப்படைத்தார். உயிர்த்தபின் அந்தச் சகோதரருள் ஒருவரான யாக்கோபுக்குத் தோன்றினார் என்று பவுல் குறிப்பிடுகிறார். பணியாமலும் கைவிடாமலும் ஒரு குடும்பத்தை நேசிக்க முடியும் என்பதற்கு அவரே முன்மாதிரி.

பங்கும் சபையும் செய்யவேண்டியவை

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் பிணக்குத் தீர்ப்பதற்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது: முதலில் தவறு செய்தவரிடம் தனியாகப் பேசவேண்டும், கேளாவிட்டால் ஒருவரிருவரைச் சாட்சியாக அழைத்துச் செல்லவேண்டும், அதற்கும் கேளாவிட்டாலே சபைக்குச் சொல்லவேண்டும். கிராமத்தில் இவ்வொழுங்கு தலைகீழாக நடக்கிறது. ஊர் முழுவதும் அறிந்தபின்பே உரியவரின் காதுக்கு விடயம் போகிறது, அதுவும் வேறொருவர் வாயால். வெளிநாட்டிலுள்ள உடன்பிறப்புக்குக் குரல்பதிவில் அனுப்பும் குற்றச்சாட்டு, நேரில் சொல்லியிருந்தால் பாதியிலேயே அடங்கியிருக்கக்கூடியது.

குருவானவரும் போதகரும் நீதிபதிகள் அல்லர். 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகளும், காணி அலுவலுக்குப் பிரதேச செயலகமும் இருக்கின்றன என்று குடும்பங்களுக்கு எடுத்துச்சொல்லி உடன்செல்வது அவர்களுடைய பணியின் ஒரு பகுதியாகலாம். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பின்னுரித்தாளரைப் பிள்ளைகள் எல்லோரும் அறியப் பதிவுசெய்து, காணி கிடைக்காத பிள்ளைகளுக்கு வேறு வகையில் ஈடுசெய்யும்படி ஞாயிறு மறையுரையில் ஒருமுறை சொன்னாலே பல வீடுகளில் வருங்கால வழக்குகள் இல்லாமற்போகும். ஆபிரகாம் தம் மற்றைய பிள்ளைகளுக்குரியதை உயிரோடிருந்த காலத்திலேயே கொடுத்து முடித்தார். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட இஸ்மவேலும் வீட்டில் வளர்ந்த ஈசாக்கும் சேர்ந்தே அவரை அடக்கம் செய்தனர் என்று தொடக்க நூலின் 25ஆம் அதிகாரம் பதிவுசெய்கிறது.

ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவங்களை அறிக்கையிடும் கத்தோலிக்கர், பிறருக்கு இழைத்த தீங்கை இயன்றவரை ஈடுசெய்யவும் கடமைப்பட்டவர் என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. தங்கையின் பங்கை வைத்துக்கொண்டு தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்பவரிடம் இதைத் தெளிவாகச் சொல்வது கடினம்தான். ஆயினும் சொல்லாமல் விட்டால், தங்கையை மன்னிக்கும்படி கேட்கும் தகுதியைத் திருச்சபை இழந்துவிடும். காணிக்கையைப் பீடத்தருகே விட்டுவிட்டு முதலில் சகோதரரோடு ஒப்புரவாகச் சொன்ன இயேசு, மனத்தாங்கல் உடையவரைத் தேடிப் போகும் பொறுப்பைக் காணிக்கை கொண்டுவருபவர்மீதே வைத்தார் என்பதும் கவனிக்கத்தக்கது.

குடும்பத்தில் வலியவரிடம் நீதியையும், காயப்பட்டவரிடம் தக்க காலத்தில் மன்னிப்பையும், இருவரிடமும் உண்மையையும் நற்செய்தி கேட்கிறது. இந்த மூன்றையும் கேட்கத் துணியும் பங்கும் சபையும் வட்டக்கச்சியின் முறிந்த குடும்பங்களுக்குப் பொறுமையையும் நேர்மையாகப் போதிக்கலாம். ஏனெனில் அப்போது அந்தப் பொறுமை நலிந்தவரின் தோளில் மட்டும் ஏற்றப்பட்ட சுமையாக இராமல், எல்லோரும் சேர்ந்து சுமக்கும் சிலுவையாக இருக்கும்.